இ-மவுண்டன் பைக்கில் ஏபிஎஸ்: சரிபார்ப்பது, பழகுவது, பராமரிப்பது

பின் சக்கரம் சறுக்கினால் இடுப்பை அசைத்துச் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் லாக் ஆகி, அதாவது சுழலாமல் நின்றுபோய், சறுக்கினால் அப்படி முடியாது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் மடங்கும், அரை விநாடிக்குள் தோளோ மணிக்கட்டோ தரையில் இருக்கும். இந்தப் பயத்தால்தான் பலர் மலை இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுகிறார்கள். ஆனால் பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் சக்கரத்திலிருந்துதான் வரும். முன் பிரேக்கைத் தயங்காமல் பிடிக்க உதவுவதே சைக்கிள் ஏபிஎஸ்ஸின் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஆன்டி-லாக் பிரேக் அமைப்பு) வேலை.

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மகூரா பிரேக்குகளோடு சேர்த்து இ-பைக் (மோட்டார் துணையுள்ள சைக்கிள்) ஏபிஎஸ்ஸை 2017-இல் அறிமுகப்படுத்தியது. முதல் தலைமுறைப் பெட்டி பெரிதாக, ஹேண்டில்பாருக்கு முன்னால் துருத்திக்கொண்டு இருந்தது. 2022-இல் வந்த இரண்டாம் தலைமுறை கைக்கு அடக்கமாகச் சுருங்கியது. டூரிங், ஆல்ரோட், கார்கோ, ட்ரெய்ல் என்று நான்கு வகையாகவும் பிரிந்தது. மலைப்பாதைக்கானது ட்ரெய்ல் வகை. இத்தாலியின் புளூபிரேக் நிறுவனமும் இ-பைக்குகளுக்கு ஏபிஎஸ் செய்கிறது. இவை எல்லாமே இ-பைக்கின் மின்சாரத்தில் ஓடுபவை. மோட்டார் இல்லாத சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பகுதியில் சில வழிகள் உள்ளன.

இது உண்மையில் செய்வது என்ன

சக்கரத்தின் நடுப்பகுதியில், ரோட்டருக்கு (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) பக்கத்தில், வரிசையாகத் துளையிட்ட மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். அதைத் தொடாமல், நூலிழை இடைவெளியில் ஒரு சென்சார் நின்று துளைகளை எண்ணும். போஷ் அமைப்பில் இரண்டு சக்கரத்திலும் இது உண்டு. முன் சக்கரத்தின் வேகம் சைக்கிளின் வேகத்தோடு பொருந்தாமல் சட்டென்று விழுந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு வால்வை மூடி, காலிப்பருக்கு (ரோட்டரை இருபுறமும் கவ்வும் பகுதி) போகும் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் மறுபடி உருள ஆரம்பித்ததும் அழுத்தத்தைத் திருப்பித் தரும். விநாடிக்குப் பல முறை இது நடக்கும்போது லீவரில் ஒரு துடிப்பும், பெட்டியிலிருந்து மெல்லிய டிக்டிக் சத்தமும் தெரியும்.

இன்னொரு வேலை, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் பார்ப்பது. சைக்கிளின் நீளம் குறைவு, ஓட்டுபவரின் எடை உயரத்தில் இருக்கிறது. அதனால் நல்ல தார் ரோட்டில் முன் சக்கரம் சறுக்குவதற்கு முன்பே பின் சக்கரம் தூக்கி, ஆளை ஹேண்டில்பாருக்கு மேலாக எறிந்துவிடும். தூக்க ஆரம்பிக்கும் அறிகுறி தெரிந்ததும் ஏபிஎஸ் முன் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தும். செங்குத்தான இறக்கத்தில் இந்தக் காப்புக்கு எல்லை உண்டு. அங்கே உடலைப் பின்னுக்குத் தள்ளுவது ஓட்டுபவரின் பொறுப்பு.

ஏபிஎஸ் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே அறியும், கூட்டத் தெரியாது. தேய்ந்த பேட் (ரோட்டரில் உரசும் பிரேக் கட்டை), எண்ணெய் பட்ட ரோட்டர், காற்றுப் புகுந்த குழாய் எதையும் அது சரிக்கட்டாது. இன்று கிடைக்கும் பெரும்பாலான சைக்கிள் ஏபிஎஸ்களில் பின் பிரேக் சாதாரண பிரேக்தான். பின் சக்கரம் தாராளமாக லாக் ஆகும். பேட்டரி இல்லாவிட்டாலோ சிஸ்டத்தை ஆன் செய்யாவிட்டாலோ ஏபிஎஸ் இல்லை, வெறும் பிரேக் மட்டும் வேலை செய்யும். நடக்கும் வேகத்துக்குக் கீழே இறங்கினாலும் அது விலகிக்கொள்ளும். கல்லும் வேருமாய் இருக்கும் இடத்தில் ஆமை வேகத்தில் இறங்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் லாக் ஆகவே செய்யும்.

முதலில் எந்த லீவர் எதற்கு என்று பாருங்கள்

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் முன் பிரேக் இடது கையில் இருக்கும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அது வலது கையில். வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிளையோ பயணத்தில் வாடகைக்கு எடுத்த சைக்கிளையோ ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால், பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்குவார்கள். சைக்கிளை நிறுத்தி, ஒவ்வொரு லீவராகப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். முன் பிரேக் என்றால் பின் சக்கரம் தூக்கப் பார்க்கும்.

ஏபிஎஸ் உள்ள சைக்கிளில் லீவர்களை இடம் மாற்ற வேண்டுமென்றால் குழாய்களைக் கழற்ற வேண்டியிருக்கும். அதை அந்த அமைப்பில் பயிற்சி பெற்ற கடையில் கொடுத்துச் செய்வதே சரி.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

சிஸ்டத்தை ஆன் செய்ததும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால், அது பின்னால் கோளாறைக் காட்டும் என்றும் நம்ப முடியாது. சைக்கிளை ஓட்டத் தொடங்கிச் சில மீட்டரில் விளக்கு அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பிரேக் இருக்கிறது, ஓட்டலாம். ஆனால் ஏபிஎஸ் இல்லாத சைக்கிளை ஓட்டுவதுபோலத்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்து லீவர். ஒரு விரலால் இறுக்கி, பத்து விநாடி அப்படியே பிடியுங்கள். கெட்டியாக ஓர் இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் கசிவு. ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. லீவர் கிரிப்பைத் தொடும் அளவுக்கு வந்தால் ஓட்டவே கூடாது. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் இன்னும் சற்று உள்ளே வரக்கூடும். அதற்கு இடம் இல்லாவிட்டால் மிக அவசியமான நேரத்தில் பிரேக் போதாமல் போகும்.

கடைசியாக, முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். துளை வளையம் நேராகச் சுற்றுகிறதா, சென்சாரில் உரசுகிறதா, வயர் ஃபோர்க்கோடு (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) ஒட்டி இருக்கிறதா, துளைகளில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிரேக்கே சரியில்லாவிட்டால் ஏபிஎஸ் என்ன செய்யும்

தேய்மான எல்லை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மகூராவில் ரோட்டரின் தடிமன் 1.8 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும்; பேட்டை அதன் பின்தகடோடு சேர்த்து அளந்தால் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஷிமானோ ரோட்டருக்கு எல்லை 1.5 மி.மீ.; பேட்டில் உரசும் பொருள் 0.5 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும். ஸ்ராமின் 1.85 மி.மீ. தடிமனுள்ள ரோட்டருக்கு 1.55 மி.மீ., பேட்டுக்குப் பின்தகடோடு 3 மி.மீ. ரோட்டரை வெர்னியர் காலிப்பரால் அளக்கும்போது ஒரு தவறு நடக்கும்: தேயாத வெளி விளிம்பில் கருவியின் தாடை உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். பேட் உரசும் பட்டையில் மட்டும் படும்படி, நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும்.

பேட்டில் ரெசின் (பிசின் கலவை), சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் சுட்டது) என்று இரண்டு பொது வகை உண்டு. ரெசின் பேட் சத்தமில்லாமல் உடனே பிடிக்கும், ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப்போகலாம். சின்டர்டு சூட்டையும் ஈரத்தையும் தாங்கும், சத்தம் கூடுதல். எல்லா ரோட்டரும் சின்டர்டு பேட்டுக்கு ஏற்றதல்ல. ரெசினுக்கு மட்டும் என்று சில ரோட்டரிலேயே பொறித்திருக்கும். ஏபிஎஸ் சைக்கிளில் இன்னொரு கட்டுப்பாடும் சேர்கிறது: பேட், ரோட்டர், ரோட்டரின் அளவு மூன்றும் அந்த ஏபிஎஸ்ஸுக்கு அனுமதிக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். பிடி போதவில்லை என்று 180 மி.மீ. ரோட்டரை எடுத்துவிட்டு 203 போடுவது மற்ற சைக்கிளில் எளிய வேலை. இங்கே துளை வளையம், சென்சாரின் இடம், பெட்டிக்குள் இருக்கும் கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி அமைந்தவை.

புதுப் பேட்டோ புது ரோட்டரோ போட்டால் பழக்கிய பிறகுதான் முழுப் பிடி வரும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மகூரா சொல்லும் முறை: 30 கி.மீ. வேகத்துக்குப் போய், ஒரே ஒரு பிரேக்கைப் பிடித்து முழுமையாக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் குறைந்தது 30 முறை. பேட்டின் பொருள் ரோட்டரில் மெல்லிய படலமாகச் சீராகப் படிவதற்காகத்தான் இது. பழக்காத பேட்டோடு நேரே மலை இறங்கினால் படலம் திட்டுத்திட்டாகப் படியும். பிறகு மெதுவாகப் பிரேக் பிடித்தாலும் லீவர் அதிரும், அதை ஏபிஎஸ் கோளாறு என்று நினைத்துச் சைக்கிளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

திருகுகளுக்கு, முடுக்கும் வலுவை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அவசியம். மகூராவில் ரோட்டர் திருகு டி25 (நட்சத்திர வடிவத் தலை), 4 நியூட்டன் மீட்டர். காலிப்பர் திருகு 6 நியூட்டன் மீட்டர். ரோட்டர் ஒரு பக்கம் உரசினால் காலிப்பரின் இரண்டு திருகையும் சற்றுத் தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடித்தபடியே மாற்றி மாற்றி முடுக்குங்கள். பெரும்பாலும் நடுவில் வந்து நின்றுவிடும்.

டயரும் ஃபோர்க்கும்

ஏபிஎஸ் எப்போது தலையிடும் என்பதை முடிவு செய்வது டயரின் பிடிதான். காற்று அதிகமானால் தரையைத் தொடும் பரப்பு குறைந்து, தொட்டதற்கெல்லாம் ஏபிஎஸ் துடிக்கும். நிறுத்தும் தூரமும் நீளும். 75 கிலோ எடையுள்ளவர், 2.4 முதல் 2.6 அங்குல அகல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 20 முதல் 23 பிஎஸ்ஐ, பின்னால் 23 முதல் 27 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பார்க்கலாம். டியூப் போட்டிருந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லில் அடிபட்டு டியூப் கிள்ளும். டயர் அளவை மாற்றும்போது சைக்கிளோடு வந்த அளவிலேயே இருங்கள். சுற்றளவு மாறினால் முன், பின் வேகக் கணக்கு பொருந்தாது.

ஓட்டுபவர் ஏறி நின்றதும் முன் ஃபோர்க் தான் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 15 முதல் 20 சதவீதம் அமுங்குவது நல்ல தொடக்கம். அதைவிட மென்மையாக இருந்தால் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் ஆழமாகக் குனியும், எடை மேலும் முன்னால் சாயும், பின் சக்கரம் சீக்கிரம் தூக்கும்.

பழகும் முறை

ஏபிஎஸ் இருந்தும் பயன்படுத்தாமல் ஓட்டுபவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அது தலையிடும் அளவுக்கு அவர்கள் முன் பிரேக்கைப் பிடிப்பதே இல்லை. அரை நாள் ஒதுக்கிப் பழகினால் கை மாறிவிடும். ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு மூன்றும் வேண்டும்.

1. ஆள் நடமாட்டமில்லாத, சமமான, காய்ந்த தார்த் தளம். சீட்டை இறக்கி, பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் கீழே, முழங்கை மடங்கி நில்லுங்கள். 15 கி.மீ. வேகத்தில் இரண்டு லீவரையும் ஒவ்வொரு விரலால் பிடித்து நிறுத்துங்கள். ஏபிஎஸ் தலையிடாது, நிற்கும் இடத்தில் ஒரு குறி வையுங்கள்.

2. வேகத்தை 20, பிறகு 25 ஆகக் கூட்டுங்கள். லீவரை ஒரே அடியாகப் பறிக்காமல், அரை விநாடிக்குள் சீராக, ஆனால் முழுமையாக இறுக்குங்கள். எடை முன் சக்கரத்தில் இறங்க அந்த அவகாசம் தேவை. பிரேக் பிடிக்கும்போதே இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

3. இறுகிய மண்ணில் மெல்லிய சரளை தூவியிருக்கும் இடத்துக்கு வாருங்கள். 15 கி.மீ.யில் மறுபடி தொடங்குங்கள். இங்கே லீவரில் துடிப்பு தெரியும். அப்போது பெரும்பாலான கைகள் தானாகத் தளர்ந்துவிடும். தளர்த்தக் கூடாது, பம்ப் செய்யவும் கூடாது. துடிப்பு வந்தாலும் அதே அழுத்தத்தில் பிடித்தபடி, போக வேண்டிய திசையைப் பாருங்கள்.

4. ஈரப் புல்லில் இதையே செய்யுங்கள். தூரம் கூடுவதை நேரில் பார்ப்பதுதான் இந்தப் படியின் பயன். சக்கரம் சறுக்காது, ஆனால் சைக்கிள் சீக்கிரம் நிற்கவும் நிற்காது.

5. கடைசியாக மிதமான இறக்கம், நேர்க்கோட்டில் மட்டும்.

இறக்கத்தில் தூரம் எப்படி நீளுகிறது என்ற கணக்கு தெரிந்திருப்பது நல்லது. டயர் எடையில் பாதி அளவு வலுவோடு நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 25 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் சுமார் 5 மீட்டரில் நிற்கலாம். அதே பிடி, 15 சதவீத இறக்கம் என்றால் 7 மீட்டர். 30 சதவீதமானால் 12 மீட்டரைத் தாண்டும். கண் பார்த்துக் கை பிடிக்க ஒரு விநாடி ஆனால் அதற்கே தனியாக 7 மீட்டர் போய்விடும். செங்குத்தில் எந்த எலக்ட்ரானிக்ஸும் இந்தக் கணக்கை மாற்றாது, வேகம் மட்டும்தான் மாற்றும்.

வளைவில் கவனமாக இருங்கள். சைக்கிள் சாய்ந்திருக்கும்போது டயரின் பிடியில் ஒரு பகுதி திரும்புவதற்கே செலவாகிறது. மிச்சம்தான் பிரேக்குக்கு. ஏபிஎஸ் சக்கரம் நிற்காமல் பார்த்தாலும், டயர் பக்கவாட்டில் வழுக்குவதை அது தடுக்காது. வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தளர்ந்த ஆழமான சரளையில் லாக் ஆன சக்கரம் முன்னால் கல்லைக் குவித்து ஓரளவு சீக்கிரம் நிற்கும். ஏபிஎஸ் அந்தக் குவியல் சேர விடாது, தூரம் கூடும். ஆனாலும் சைக்கிளில் லாக் ஆன முன் சக்கரம் என்றால் விழுவது ஏறக்குறைய நிச்சயம். இரண்டு மீட்டர் கூடுதலாகப் போவது விழுவதைவிட மேல்.

அறிகுறியும் காரணமும்

விளக்கு அணையவே இல்லை என்றால் முதலில் சிஸ்டத்தை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தை மட்டும் சுற்றினாலோ, முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டினாலோ, ஒரு சக்கரம் ஓட மற்றொன்று நிற்பதைப் பெட்டி கோளாறாக எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அதன் பிறகும் எரிந்தால் சென்சாரையும் துளை வளையத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள், வளையம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், வயரில் வெட்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதற்கு மேல் கடைதான். கணினியில் கோளாறுக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

மெதுவாகப் பிடித்தாலும் லீவர் துடிக்கிறதா? துடிப்பின் வேகத்தைக் கவனியுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை துடித்தால் ரோட்டர் வளைந்திருக்கிறது, அல்லது திட்டுப் படிந்திருக்கிறது. வேகம் குறையக் குறைய துடிப்பும் மெதுவாகும். ஏபிஎஸ்ஸின் துடிப்பு வேகமாக, சக்கரச் சுற்றோடு சம்பந்தமில்லாமல் இருக்கும். கூடவே டிக்டிக் சத்தம் கேட்கும்.

எவ்வளவு இறுக்கினாலும் ஏபிஎஸ் தலையிடவில்லை, சைக்கிளும் நிற்கவில்லை என்றால் பிரேக்கில் வலு இல்லை. பேட்டில் எண்ணெய் பட்டிருக்கும் அல்லது பளபளத்திருக்கும். செயின் ஸ்பிரே அடிக்கும்போது காற்றில் பறந்து ரோட்டரில் படிவதுதான் வழக்கமான காரணம். ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். எண்ணெய் ஊறிய பேட்டை அடுப்பில் சுட்டுக் காப்பாற்றும் முயற்சி வேண்டாம், புதிது போடுங்கள். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெயைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே வராது.

கழுவுவது, சக்கரம் கழற்றுவது, எண்ணெய் மாற்றுவது

உயர் அழுத்தத் தண்ணீரைப் பெட்டி, சென்சார், காலிப்பர், ஹப் பக்கம் காட்டாதீர்கள். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். கழுவியதும் முதல் சில சுற்றுகளில் பிரேக் மந்தமாக இருக்கும், ரோட்டர் காயும்வரை மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள்.

சக்கரத்தைக் கழற்றினால் பேட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். தவறி லீவரைப் பிடித்தால் பிஸ்டன்கள் நெருங்கி, ரோட்டர் மறுபடி உள்ளே போகாது. திரும்ப மாட்டும்போது ரோட்டரை நேராக இறக்குங்கள். சாய்வாக இறக்கினால் துளை வளையம் சென்சாரில் இடித்து மடங்கும்.

எண்ணெய் விஷயத்தில் துளியும் தவறக் கூடாது. மகூராவும் ஷிமானோவும் மினரல் ஆயில். ஸ்ராமின் பல மாடல்கள் டாட் 5.1 (வேறு வகைப் பிரேக் திரவம்), சில புதிய மாடல்கள் மினரல் ஆயில். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப் பிரேக் செயலிழக்கும். லீவர் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் புட்டியைத் திறக்க வேண்டும். ஏபிஎஸ் இல்லாத பின் பிரேக்கை வீட்டில் கிட் வைத்து பிளீட் செய்யலாம் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி எண்ணெய் மாற்றுவது). முன் பிரேக்கில் குழாயின் நடுவே வால்வுப் பெட்டி இருப்பதால் அதற்குள் காற்று சிக்கிக்கொள்ளும். அந்த அமைப்பின் முறைப்படி செய்யத் தெரிந்த கடையில் கொடுங்கள்.

மோட்டார் இல்லாத மவுண்டன் பைக் என்றால்

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். சைக்கிளுக்கு அப்படி விதி இல்லை. சாதாரண சைக்கிளில் ஏபிஎஸ் என்ற பெயரில் விற்கும் மலிவான ரப்பர், ஸ்பிரிங் சாதனங்கள் பல உண்டு. அவற்றில் சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் கிடையாது. அவை அழுத்தத்தை ஓரளவு மட்டுப்படுத்துமே தவிர, சக்கரம் லாக் ஆவதை அறியாது.

அந்தக் காசுக்கு நல்ல முன் டயரும் புதுப் பேட்டும் வாங்கலாம். லீவரைக் கிரிப்புக்கு நெருக்கமாகச் சரிசெய்து, ஒரு விரலால் மட்டும் பிடிக்கப் பழகுங்கள். இரண்டு மூன்று விரலால் பிடிக்கும்போது பயத்தில் முழு வலுவும் பாய்ந்துவிடும். மேலே சொன்ன பயிற்சியின் முதல் இரண்டு படிகளை அப்படியே செய்யலாம். மூன்றாம் படியில் மட்டும் துடிப்புக்குப் பதிலாக டயரின் சத்தத்தைக் கேளுங்கள். சரளையில் உருளும் சரசர ஒலி திடீரென்று இழுபடும் சத்தமாக மாறும் நொடியில் முன் லீவரை ஒரு இம்மி தளர்த்தி, உடனே மறுபடி பிடியுங்கள். 15 கி.மீ. வேகத்தில் இது கைக்கு வந்த பிறகு 20-க்குப் போங்கள்.